நானூற்றுப் பன்னிரண்டு கவளம்

"ஒரு மனிதன் என்ன சாப்பிட்டான் என்பதை அவன் நெற்றியைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் இந்த நாட்டில் மூன்றே பேர். மற்ற இரண்டு பேரும் என்னிடம் கற்றுக்கொண்டவர்கள்."

துப்பறியும் நிபுணர் வெற்றிவேல் இதை நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அது சாயக்கூடிய ரக நாற்காலி அல்ல. சுவர்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இயங்கிவந்தது 'வெற்றிவேல் துப்பறியும் நிலையம்'. ஆறு வருடங்களில் இந்த நிலையம் கண்டுபிடித்தவை, காணாமல் போன பைக்குகள் இரண்டு. அதில் ஒன்று அவருடையது.

"அப்ப நான் இன்னைக்கு இன்னா சாப்ட்டேன்னு சொல்லுங்க, பாக்கலாம்" என்றான் ஜுபைர். அவன் உதவியாளன். கணக்கர், காவலாளி, ஜன்னல் துடைப்பவர் முதலான மற்ற ஊழியர்கள் எல்லோரும் அவனே.

வெற்றிவேல் அவன் நெற்றியை அரை நிமிடம் உற்றுப் பார்த்தார். "இட்லி. மூணு. தேங்கா சட்னி."

"எனக்கு நோன்பு சார். இன்னையோட நாலு நாளாவுது."

"விடியறதுக்கு முன்னாடி?"

"சஹருக்குச் சோறும் ரசமும்."

"அரிசிதானே? இட்லியும் அரிசிதான். என் முறையில தப்பே கிடையாது. உன் வயித்துக்குத்தான் வடிவம் சரியா தெரியல."

ஜுபைர் தாடியை நீவிக்கொண்டான். நோன்புக்கென்று வளர்க்கத் தொடங்கிய தாடி. தாடி என்று அவன்தான் சொன்னான். அவன் அம்மா அதை மூஞ்சி கழுவாதது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவரும், நாலாக மடித்த தாளுமாக ஒரு இளம்பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"சார், என் பேரு ஜெயசுதா. நாலு மணிக்குள்ள ஒரு விஷயம் கண்டுபிடிச்சுக் குடுக்கணும். இல்லன்னா எனக்கு வேலை போயிடும்."

"ஆளைக் காணோமா?"

"ஆளு கடையிலதான் ஒக்காந்திருக்காரு. அமாவாசை அன்னைக்கு அவரு இன்னா சாப்ட்டாருன்னு தெரியணும்."

வெற்றிவேல் ஜுபைரைப் பார்த்தார். இந்த ஒரு வழக்குக்காகவே இத்தனை வருடம் ஊரார் நெற்றிகளைப் படித்து வந்ததுபோல ஒரு பார்வை.

ஜெயசுதா சொன்னதன் சுருக்கம் இது. சென்னை ஆய்வுக்கூடம் ஒன்று, சர்க்கரை நோய்க்காரர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, செஞ்சியில் நாற்பது பேருடைய வலது மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டை கட்டியிருந்தது. கை வாய்க்குப் போனால் பட்டையில் பச்சை விளக்கு மினுங்கும். ஒரு கவளம் என்று கணக்கில் ஏறும். கழற்றி மேசையில் வைத்துவிட்டு விருந்துக்குப் போகலாம் என்றால் அதுவும் நடக்காது. உடம்புச் சூடு போன ஐந்தாம் நிமிடம் ஜெயசுதாவின் போன் கத்தும். நாற்பது பேரும் தினமும் சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஜெயசுதாவின் வேலை. இதற்கு முன் அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். மகளை மாதம் ஒருமுறை பார்த்தவள். இந்த வேலை வந்த பிறகுதான் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்தில் மகளோடு ஒரே வீட்டில் தூங்குகிறாள்.

"இவருதான் சார் ஆளு" என்று ஜன்னல் வழியே காட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆய்வின் விளம்பரத் தட்டி ஒன்று கட்டியிருந்தது. அதில் பெயிண்ட் கடை விநாயகம் கைகூப்பி நின்றார். 'கட்டுப்பாடே கவசம்' என்று அவர் தொப்பைக்கு மேலே எழுதியிருந்தது.

"போன அமாவாசைக்கு நோட்டுல 'முழு விரதம், தண்ணி மட்டும்'னு எழுதியிருக்காரு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா பட்டை நானூத்திப் பன்னெண்டு கவளம்னு சொல்லுது. அதோட விட்டிருந்தாகூடப் பரவால்ல. ஒவ்வொரு கவளத்துக்கும் அப்புறம் கை வெடுக்குனு ஒரு இழுப்பு இழுக்குது. கடிச்சு இழுக்கிற மாதிரி. அதனால, அது எலும்போட இருக்கிற கறின்னு கம்ப்யூட்டர் முடிவே பண்ணிடுச்சு."

"அமாவாசையில நானூத்திப் பன்னெண்டு துண்டு" என்றான் ஜுபைர். "இதை ஆட்டுக் கணக்குல சொல்லுங்கக்கா, ஈசியா புரியும்."

"சிரிக்காதீங்க அண்ணா. மிஷின் பொய் சொல்லாதுன்னு ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க. அப்ப பொய் சொன்னது நானாம். வீட்டுக்கே போகாம கையெழுத்துப் போட்டேனாம். நாலு மணிக்கு டாக்டரம்மா வீடியோவுல வராங்க."

வெற்றிவேல் கவரில் இருந்த விநாயகத்தின் பட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். செத்த பல்லியைத் தூக்குகிற மாதிரி.

"கழுத்துல கட்டினா அது மாடு. கையில கட்டினா ஆராய்ச்சியா? சாப்பாட்டை அடக்கத் தெரியாதவன்தான் இதையெல்லாம் கட்டிக்கணும். என் கையில இதைக் கட்ட எவனாலயும் முடியாது. கட்டினா, வாழ்க்கையில நான் அடுத்த கேஸ் எடுக்க மாட்டேன்."

"அடுத்த கேஸ் எப்ப சார் வரும்?" என்று ஜுபைர் மரியாதையாகக் கேட்டான்.

பட்டையின் உட்பக்கம் ஒரு ரோஸ் கறை இருந்தது. வெற்றிவேல் அதை முகர்ந்தார். "குங்குமம். மேல்மலையனூர் கோயில். ஆளு பக்திமான். விரதம் நிஜம்."

ஜுபைர் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். குங்குமம் என்றால் உதிர வேண்டும். இது சாயம்போல ஊறிப்போயிருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெயசுதா தாளை விரித்தாள்.

தாளில் ஆறு குன்றுகள் வரைந்திருந்தன. செஞ்சிக் கோட்டைக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி போதாமல் இன்னும் மூன்று முளைத்தாற்போல. காலை ஆறு மணிக்கு முதல் சாப்பாடு. இருபத்தைந்து நிமிடம். அப்புறம் வாய் மூடிவிடுகிறது. ஏழு பத்துக்கு மறுபடி சாப்பாடு. மதியம் ஒன்றுக்குள் ஆறு வேளை.

"இன்னொன்னும் இருக்குது" என்றாள் ஜெயசுதா. "பட்டை நடையையும் எண்ணும். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுக்கிட்டே மெதுவா பதினாலு அடி நடக்கிறாரு. அப்புறம் திரும்பி வராரு. அவ்ளோதான்."

"நடந்துக்கிட்டே சாப்பிடுறது யாரு?" என்று வெற்றிவேல் கண்ணை மூடினார்.

"கோட்டைக் கொரங்கு" என்றான் ஜுபைர்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். வெற்றிவேல் நோட்டை எடுத்து 'சந்தேக நபர் 1: குரங்கு' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

* * *

பெயிண்ட் கடையில் விநாயகம் கல்லாவில் இருந்தார். அவர் மனைவி மங்கை, கடைக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கணவர் 412 துண்டு இறைச்சி உட்கொண்டதாக அவள் போனுக்கு மெசேஜ் வந்து நாலு நாளாகிறது. அன்றிலிருந்து வீட்டில் உலை வைக்கவில்லை.

"கொரங்கு உங்ககிட்ட இருந்து பட்டையைப் பிடுங்கிச்சா?" என்று நேராக விஷயத்துக்கு வந்தார் வெற்றிவேல்.

விநாயகம் திகைத்தார். பிறகு அந்த யோசனை பிடித்துப்போனவர்போல மனைவியின் முதுகைப் பார்த்தார். "பிடுங்கியிருக்குமோ?"

"கொரங்கு கறி தின்னுமா தம்பி?" என்றாள் மங்கை, திரும்பாமலே.

சந்தேக நபர் 1 விடுதலையானார்.

"சத்தியமா சொல்றேன் சார்" என்றார் விநாயகம். "அன்னைக்குக் காலையில மேல்மலையனூர் போனேன். சாமி கும்பிட்டேன். மத்தியானம் திரும்பி வந்தேன். பச்சைத் தண்ணிதான் குடிச்சேன்."

வெற்றிவேல் அவர் நெற்றியைப் பார்த்தார். விபூதிப் பட்டை மூன்றும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல இருந்தன. "இந்த மனிதன் விரதம் இருந்திருக்கிறார். தெளிவாகத் தெரிகிறது."

"கோயில்ல கூட்டம் எப்படி மொதலாளி?" என்று ஜுபைர் சும்மா கேட்டுவைத்தான்.

"கூட்டமா? அப்படியொன்னும் இல்லயே. போனதும் தரிசனம் ஆயிடிச்சு."

ஜுபைர் தாடியை நீவினான். போன அமாவாசை மாசி அமாவாசை. மேல்மலையனூரில் அன்று சாமியைப் பார்க்க முடிகிறதோ இல்லையோ, முன்னால் நிற்பவன் சட்டைக் காலரை மட்டும் மூன்று மணி நேரம் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தால் செஞ்சியில் பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் ஜுபைரின் தெருவிலேயே பைக் எடுக்க முடியவில்லை.

"சாட்சி இருக்குதா?" என்றார் வெற்றிவேல்.

"என் மச்சான் பார்த்திபன் இருக்கான். மேல்மலையனூர் போற பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டர். அவன் பஸ்ஸுலதான் போனேன், அவன் பஸ்ஸுலதான் வந்தேன். கேட்டுப் பாருங்க."

"என் தம்பி பொய் சொல்ல மாட்டான்" என்றாள் மங்கை. முதுகு கொஞ்சம் இளகியது. "அமாவாசைன்னா பாவம், அவனுக்கு எச்சி முழுங்கக்கூட நேரம் இருக்காது."

பார்த்திபனின் பன்னிரண்டே கால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வெற்றிவேலும் ஜுபைரும் ஓடினார்கள்.

* * *

பஸ்ஸில் நெரிசல். வெற்றிவேல் டிரைவருக்குப் பின்னால் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாட்சியை எப்படி மடக்குவது என்று ஜுபைரின் காதில் பாடம் எடுத்தார்.

"முதல்ல நெத்தியைப் பாக்கணும். அப்புறம் திடீர்னு ஒரு கேள்வி. ஆளு தடுமாறுவான்."

"அவரு எப்பவும் தடுமாறிக்கிட்டுதான் இருப்பாரு சார். பஸ்ஸு ஓடுதில்ல?"

பின்வாசலில் இருந்து பார்த்திபன் வந்துகொண்டிருந்தான். ஒல்லியான ஆள். அக்குளில் பை, இடது கையில் டிக்கெட் கட்டுகள். அவன் வருகிற வேகத்தை ஜுபைர் பார்த்தான். ஒரு சீட்டுக்கு ஒரு அடி. நின்று, கொடுத்து, மறுபடி ஒரு அடி.

"டிக்கெட் மிஷின் இன்னா ஆச்சு கண்டக்டரே?" என்றாள் ஒரு அம்மாள்.

"சர்வீசுக்குப் போயிருக்குது. அமாவாசைக்கு மொத நாளே மண்டையைப் போட்டது இன்னும் வரல. எத்தினி? வளத்தி ஸ்டாப்பா? ரெண்டா?"

வலது கட்டை விரல் நாக்குக்குப் போனது. ஈரம் தொட்டது. கட்டில் வைத்தது. வெடுக்கென்று ஒரு கிழிப்பு.

ஜுபைர் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டான்.

நாக்கு. வெடுக். இன்னொரு டிக்கெட். நாக்கு. வெடுக். கைக்குழந்தை வைத்திருந்தவளுக்கு ஒன்று. நாக்கு. வெடுக்.

அவன் மடித்த தாளை எடுத்து விரித்தான். ஆறு குன்று. ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ஒன்று. பஸ் நிரம்பினால் இருபத்தைந்து நிமிடம் டிக்கெட் போட வேண்டும். மிச்ச நேரம் படியில் நிற்கலாம். பின்வாசலில் இருந்து முன்வாசல்வரை பதினாலு சீட்டு, பதினாலு அடி.

"சார்" என்றான் ஜுபைர் மெதுவாக. "எலும்புக்கறி வருது, பாருங்க."

பார்த்திபன் அவர்கள் முன்னால் வந்து நின்றான். "எங்க சார்?"

"மேல்மலையனூர் ரெண்டு."

நாக்கு. வெடுக். வெடுக். ஜுபைர் டிக்கெட்டை வாங்காமல் அந்தக் கட்டை விரலை வாங்கிப் பிடித்துக்கொண்டான். ரேகையே தெரியாமல் ரோஸ் சாயம் ஊறியிருந்தது. டிக்கெட்டும் அதே ரோஸ்.

"கண்டக்டரே, அமாவாசை அன்னைக்கு இந்தக் கையில இன்னா கட்டியிருந்தீங்க?"

பார்த்திபன் விரலை உருவிக்கொண்டான். வெற்றிவேல் சொன்னதுபோலவே தடுமாறினான். பஸ் வேகத்தடையில் ஏறியதும் அதற்கு ஒரு காரணம்.

"யாரு சொன்னா? மாமா சொல்லிட்டாரா?"

"இப்ப நீங்கதான் சொன்னீங்க."

"சார், எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும். எனக்கு இன்னா தெரியும்? விடிகாலையில மாமா வந்தாரு. 'பட்டையைக் கழட்டி வெச்சா மணி அடிக்குது. எவன் கையிலயாவது சூடா இருக்கணும். ஆனா அவன் வாயில ஒன்னும் போடக்கூடாது. ஊரு பூரா தேடிட்டேன்டா, அமாவாசை அன்னைக்கு ஒன்னுமே திங்காத மனுஷன் நீ ஒருத்தன்தான்'னு கட்டி விட்டாரு. நான் சொன்ன பேச்சைக் காப்பாத்தினேன் சார். ரெண்டு மணி வரைக்கும் ஒரு டீகூட குடிக்கல. அந்தப் பட்டை மட்டும் சும்மா சும்மா பச்சையா மினுங்கிச்சு. சரி, நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

செஞ்சி வட்டாரத்திலேயே அன்று உண்மையாகப் பட்டினி கிடந்த ஒரே மனிதனைத் தேடிப் பிடித்துத்தான் விநாயகம் பட்டையைக் கட்டியிருக்கிறார். அவன்தான் ஆய்வு வரலாற்றிலேயே அதிகம் தின்றவன் ஆகிவிட்டான்.

"அப்ப உங்க மாமா பஸ்ஸுல வரவே இல்ல?"

"எங்க வந்தாரு? திண்டிவனம் ரோட்டுல பிரியாணி கடைக்குப் போனாரு."

"ரஹமத் மாமா கடையா?" ஜுபைர் அங்கேயே போன் போட்டான். ரஹமத்துக்கு நன்றாக நினைவிருந்தது. அமாவாசை அன்று காலை பதினோரு மணிக்கு வந்து, முதல் தம் உடைக்கும்வரை அடுப்படியிலேயே நின்றவரை யார் மறப்பார்கள்? ஒரு ஃபுல் பிளேட். நாலு பீஸ். எலும்போடு.

ஜுபைர் போனை வைத்தான். "கம்ப்யூட்டர் சொன்னது உண்மைதான் சார். அமாவாசை, எலும்புக்கறி, எல்லாமே சரி. எண்ணுறதுலதான் கொஞ்சம் ஆர்வம் அதிகமாயிடுச்சு."

வெற்றிவேல் ஜன்னல் வழியே மணிலாக் கடலைக் கொல்லைகளைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் நெத்தியிலேயே பிரியாணின்னு எழுதியிருந்திச்சு. கேஸ் சுவாரசியமா போகட்டும்னுதான் நான் வாயைத் திறக்கல. ஆனா ஜுபைர், ஒரு தட்டுச் சோத்துக்காக அடுத்தவன் கையில பட்டையைக் கட்டிவிட்டுட்டுப் போறான் பாரு, அவனெல்லாம் மனுஷனா? நாக்குக்கு அடிமையானவன் எதுக்கும் துணிஞ்சவன். எழுதி வெச்சுக்கோ."

ஜுபைர் எழுதி வைத்துக்கொண்டான்.

* * *

நாலு மணிக்கு, துப்பறியும் நிலையத்தில், ஜெயசுதாவின் லேப்டாப்பில் டாக்டரம்மா வந்தார். இந்தப் பக்கம் விநாயகம் தலைகுனிந்து நின்றார். டூட்டி முடிந்து வந்த பார்த்திபன், கட்டை விரலைச் சாட்சிப் பொருளாக நீட்டியபடி நின்றான்.

விநாயகம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஜெயசுதா அன்றைக்கு வீட்டுக்கு வந்தது நிஜம், தான்தான் பொய் எழுதிக் கையெழுத்து வாங்கியது என்று சொன்னார். கூடவே வந்திருந்த மங்கை குறுக்கிட்டாள்.

"நாலு பீஸு தின்னதுக்கு நான் ஒன்னும் சொல்லல. நீ விரதம்னு நானும் பட்டினி கெடந்தனே. சாயங்காலம் தலைசுத்தி விழுந்தேன். அப்ப நீ சோடா வாங்கியாந்து குடுத்த. எந்தக் கையால குடுத்த?"

விநாயகம் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். 

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாரி ஜெயசுதா. உங்க மேல தப்பு இல்ல. ஆனா ஒரு சிக்கல். இவரை நீக்கிட்டா செஞ்சியில முப்பத்தொன்பது பேர்தான். நாற்பது இல்லன்னா சென்டரை மூடணும்னு விதி. இன்னைக்குள்ள ஒரு ஆள் வேணும்."

ஜெயசுதாவின் முகத்தில் வந்த நிம்மதி, வந்த வழியே திரும்பியது. மேசையில் பட்டை கிடந்தது. அவள் பார்த்திபனைப் பார்த்தாள். அவனுக்குச் சர்க்கரை இல்லை, சதையும் இல்லை. ஜுபைருக்கு இருபத்துநாலு வயது. மங்கைக்கும் சர்க்கரை கிடையாது. அறையில் மிச்சமிருந்தவர் ஒருவர்.

"சாருக்குச் சுகர் இருநூத்தி நாப்பது" என்றான் ஜுபைர். "பிரிட்ஜ் மேல சீட்டு ஒட்டியிருக்குது."

"பிரிட்ஜ் என் வீட்டுல இருக்குது!"

"நான் துப்பறியும் நிலையத்துல வேலை பாக்குறேன் சார்."

 ஜெயசுதா போனில் முகப்புப் படமாக இருந்த மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். வெற்றிவேல் விட்டத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் வேறு வழியில்லாத மனிதர் செய்வதைச் செய்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"இது மாறுவேஷம்" என்றார். "ஆய்வுக்குள்ள புகுந்து கண்காணிக்கப் போறேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள் ஜெயசுதா. அவளே அவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டாள்.

* * *

மூன்றாம் நாள், காலை பதினொன்றரை. கீழே டீக்கடையில் போண்டா எண்ணெயில் விழும் ஓசை மாடிவரை வந்தது. வெற்றிவேல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தார். புழுக்கம் என்றார். மாசி மாதம்.

பட்டை அவர் மணிக்கட்டில் ஒழுக்கமாக இருந்தது. மூன்று நாளும் கம்பங்கூழ், கீரை, வெள்ளரிக்காய். நோட்டில் ஜெயசுதா 'மிக நன்று' என்று எழுதியிருந்தாள். தட்டியில் விநாயகத்தை எடுத்துவிட்டு இவரைப் போடலாமா என்றுகூடக் கேட்டிருந்தாள்.

"ஜுபைர்."

"சார்."

"உனக்கு இன்னைக்கு நோன்புதானே?"

"ஆமா சார்."

"சாயங்காலம் வரைக்கும் வாயில ஒன்னும் போட மாட்ட?"

"மாட்டேன் சார்."

"தண்ணி?"

"அதுவும்தான் சார்."

வெற்றிவேல் கொஞ்ச நேரம் கோட்டையைப் பார்த்தார். ராஜகிரி உச்சியில் ஏதோ அவசர வேலை இருப்பதுபோல.

"கையை நீட்டு. வலது கை."

கட்டிவிட்டார். சூடு போவதற்குள், மூன்றே விநாடியில். துப்பறியும் நிபுணரின் விரல்கள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

ஜுபைர் ஜன்னலுக்கு வந்தான். கீழே, தட்டிக்குப் பின்னால், சாலைக்கு முதுகைக் காட்டி ஒருவர் நின்றிருந்தார். விரித்த செய்தித்தாளுக்கு மேலே போண்டாவின் ஆவி எழுந்தது.

பழக்கதோஷத்தில் ஜுபைரின் கை தாடிக்குப் போனது. பச்சை விளக்கு மினுங்கியது.

அவன் விளக்கைப் பார்த்தான். கீழே பார்த்தான். பிறகு அவசரமே இல்லாமல், தாடியை இன்னொரு முறை நீவினான்.